ஆமாம், போடாக்ஸ் பற்றிக் கேட்டேன்

அந்த ஸ்கிரீன்ஷாட் இதற்குள் உங்கள் எல்லோர் கைக்கும் வந்திருக்கும். அதனால் கதையை முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. அதில் கேட்டிருப்பது நான்தான். "புருவ நடுவில் இருக்கிற கோட்டுக்கு போடாக்ஸ் போட்டவங்க யாரையாவது உனக்குத் தெரியுமா?" முகச் சுருக்கத்தைக் குறைக்கப் போடும் ஊசியைப் பற்றி ஒரே வரி. தோழி என்று நம்பித் தனியாகக் கேட்டது. அதன் தலையில் "பெண்ணியம் பேசுறவங்களே இப்படி" என்று எழுதி, சிரிக்கும் முகம் மூன்று ஒட்டி, ஊருக்கே பந்தி வைத்தாயிற்று. மிக்க நன்றி.

நான் கேட்டேன். கேட்டது மட்டும்தான். போட்டுக்கொள்ளவில்லை. உங்களில் யாரையும் போட்டுக்கொள்ளச் சொல்லவும் இல்லை.

எனக்கு வயது 48. புருவங்களுக்கு நடுவே இரண்டு செங்குத்துக் கோடுகள், யாரோ 11 என்று எழுதிவைத்தது போல. முன்பெல்லாம் யோசிக்கும்போது வந்து போகும். இப்போது தூங்கி எழுந்தாலும் அப்படியே கிடக்கின்றன. ஆபீஸ் மீட்டிங்கில் நான் அக்கறையாகத்தான் கேட்டுக்கொண்டிருப்பேன்; பேசுகிறவர் பாதியில் நிறுத்தி, "மேடம், ஏதாவது தப்பா?" என்பார். போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண் லீவு கேட்க வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "பரவாயில்லை மேடம், அப்புறம் வரேன்" என்று திரும்பிப் போய்விட்டாள். நான் அப்போது கண்ணாடி போடாமல் போனைப் படித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

"விஷத்தையா முகத்தில் ஏற்றுவது?" விஷம்தான், யார் இல்லை என்றது? போடாக்ஸில் இருப்பது பொட்டுலினம் நச்சு; உணவோடு உள்ளே போனால் ஆளையே முடக்கிவிடும். மருந்தாக வருவது மிக மிகச் சிறிய அளவு. சுருங்கு என்று நரம்பு தசைக்கு அனுப்பும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தை அது வெளியே விடாது. தசை ஓய்வெடுக்கும், மேலே தோல் மடிவது குறையும். இதைக் கொண்டுவந்தது அழகு நிலையக்காரர்களும் இல்லை, கண் மருத்துவர்கள். மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் அமெரிக்காவில் 1989-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. கனடாவில் ஜீன் கரதர்ஸ் என்ற கண் மருத்துவர் இமைக்காகப் போட்ட ஊசியில் புருவச் சுருக்கமும் மறைவதைக் கவனித்து, தோல் மருத்துவரான கணவரோடு சேர்ந்து ஆராய்ந்த பிறகுதான் இந்தக் கதையே தொடங்குகிறது. சுருக்கத்துக்கான அமெரிக்க அனுமதி 2002-ல் வந்தது. நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்கும், அக்குளில் அளவு மீறிய வியர்வைக்கும் இன்று இதே ஊசிதான். தலைவலிக்குப் போட்டால் சிகிச்சை, கோட்டுக்குப் போட்டால் திமிரா?

பக்கவிளைவு இல்லையா? உண்டு. தலைவலி வரலாம், குத்திய இடம் கன்றலாம், மருந்து பக்கத்தில் பரவினால் இமை சில வாரம் தொங்கலாம். மூன்று நான்கு மாதத்தில் வேலை தீர்ந்துவிடும், மறுபடி குத்த வேண்டும். ஆழமாகப் பதிந்த கோடு முழுதாகப் போகவும் போகாது. இவ்வளவையும் தேடிப் படித்துவிட்டுத்தான் ஒரு ஆளிடம் அனுபவம் கேட்டேன். கேட்டேன்!

"வயதை ஏற்றுக்கொள்ளுங்கள் சகோதரி" என்று அறிவுரை சொன்ன அண்ணனுக்கு: உங்கள் மீசைக்கு அடித்திருக்கும் டை நன்றாகப் பொருந்தியிருக்கிறது.

"உங்களைப் பார்த்து உங்கள் மகள் என்ன கற்றுக்கொள்வாள்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அது மட்டும் தூங்கவிடவில்லை. மூக்கு பெரிதாக இருக்கிறது என்று அவள் அழுத நாளில் "உனக்கென்னடி குறைச்சல்" என்று மடியில் போட்டுக்கொண்டவள் நான்தான். சரி, அதைப் பிறகு பேசலாம்.

கேலி செய்தவர்கள் யார் யாரோ. அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வருத்தம் உன் மேல்தான். கடைசி நாட்களில் அம்மாவுக்குப் பார்வை போன பிறகு, கட்டிலின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் நீ. அம்மா என் முகத்தைத் தடவிக்கொண்டே வந்து, புருவ நடுவில் கட்டைவிரலை வைத்து அழுத்தித் தேய்த்து, "ஏன்டி எப்பவும் கவலையாவே இருக்கே" என்று கேட்டபோது நீயும் அழுதாய். நான் உன்னிடம் கேட்டது அந்தக் கோட்டைப் பற்றித்தான். உனக்கு அது தெரியும்.

வியாழக்கிழமை தோல் மருத்துவரிடம் போனேன், ஆலோசனைக்கு மட்டும். கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, "நல்லா கோபமாப் பாருங்க, எந்தத் தசை இழுக்குதுன்னு தெரியணும்" என்றார். சொன்னவுடன் கோபம் வருமா? அந்த மூன்று சிரிக்கும் முகங்களை நினைத்துக்கொண்டேன். "போதும், போதும்" என்று சிரித்துக்கொண்டே வெள்ளைப் பென்சிலால் ஐந்து இடத்தில் புள்ளி வைத்தார்.

வீட்டுக்கு வந்து புள்ளிகளைத் துடைத்தேன். இன்னும் முடிவு செய்யவில்லை.