பிரம்பை எடுத்துவிட்டு வசனத்தைத் தேடாதீர்கள்

ஞாயிறன்று எங்கள் மலையகத் தோட்டப் பகுதி மண்டபத்தில், பிள்ளையைப் பிரம்பால் அடித்து வளர்க்க வேண்டும் என்று ஒரு பேச்சாளர் வேத வசனம் காட்டிப் பேசியதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். காணொளி எல்லோர் கைக்கும் வந்துவிட்டது, ஊர் நாலு நாள் பேசி ஓயட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் நேற்றிரவிலிருந்து உள்பெட்டிக்கு வரும் செய்திகளைப் படித்த பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. டீச்சருக்குக் கடவுள் நம்பிக்கை இல்லையாம். வேதத்தையே எதிர்த்துப் பேசுகிறேனாம். என் பிள்ளைகள் உருப்படப் போவதில்லை என்று ஒருவர் சாபமே போட்டிருக்கிறார். அவருக்கு என் பிள்ளைகளின் பெயர்கூடத் தெரியாது.

நான் செய்தது என்ன? கை தூக்கவில்லை. அவ்வளவுதான். புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்த பிள்ளைகளைக் கௌரவிக்கக் கூடிய கூட்டத்தில், "வீட்டில் பிரம்பு வைத்திருக்கும் பெற்றோர் கையைத் தூக்குங்கள்" என்று பேச்சாளர் கேட்டார். மண்டபம் முழுக்கக் கைகள் எழுந்தன. தூக்காத எங்கள் சிலரைப் பார்த்துத்தான் அவர் நீதிமொழிகள் 13:24ஐ வாசித்தார்: "பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்." நான் என் மகனைப் பகைக்கிறேன் என்று ஊர் நடுவில் வைத்துச் சொல்லிவிட்டார். அதோடும் விடவில்லை. எல்லா மதமும் இதைத்தான் சொல்கிறது, அடியாத மாடு படியாது என்று நம் சாத்திரமும் சொல்கிறது என்றார். ஒரே கைதட்டல். முன்வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருந்த பத்து வயதுப் பிள்ளைகளும் தட்டினார்கள். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

எழுந்து ஒரு வார்த்தை பேச அனுமதி கேட்டேன். நேரமில்லை என்றார்கள். அதற்குப் பிறகு பரிசளிப்பும் பொன்னாடையும் நன்றியுரையும் வெகுநேரம் நடந்தன.

பிள்ளை வளர்ப்புக்கு வேதம் உதவுமா என்று என்னைக் கேட்டால், உதவும் என்றுதான் சொல்வேன். விபூதி பூசாமல் வீட்டுப் படி இறங்காத குடும்பத்தில் பிறந்தவள் நான். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பக்கத்துக் காம்பராவில் (அறையில்) இருந்தவர்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். அவர்கள் வீட்டு ஜெபத்தில் உட்கார்ந்து வசனம் கேட்டும் வளர்ந்திருக்கிறேன். ஆகவே வேதத்துக்கு எதிரி என்ற பட்டத்தை என் தலையில் கட்டாதீர்கள். நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். மறைநூல்கள் பிள்ளைக்குச் சொன்னதை மட்டும் மேடையில் வாசிக்கிறீர்கள். பெற்றவனுக்கும் பெற்றவளுக்கும் சொன்னதை வாசிக்காமல் தாண்டிப் போகிறீர்கள்.

அதே வேதாகமத்தில் கொலோசெயர் 3:21 இருக்கிறது. "பிதாக்களே, உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்." எபேசியர் 6:4லும் இதே கட்டளை தகப்பன்மாருக்கு வருகிறது. எங்கள் பக்கத்து மேடைகளில் இதை யாராவது வாசித்து நீங்கள் கேட்டதுண்டா? நான் கேட்டதில்லை. திடனற்றுப்போன பிள்ளை எப்படி இருக்கும் என்று வகுப்பறையில் நிற்கிற எங்களைக் கேளுங்கள். கேள்வி கேட்டால் முதலில் கையைத் தலைக்கு மேல் மறைத்துக்கொள்ளும். நாம் கரும்பலகைக்குத் திரும்பினாலே உடம்பைக் குறுக்கும்.

சாத்திரத்துக்கு வருகிறேன். அடியாத மாடு படியாது என்பது சாத்திரம் அல்ல. மாட்டைப் பற்றி ஊரார் சொன்ன பழமொழி. பாகவதத்தின் ஏழாம் ஸ்கந்தத்தில் பிரம்பு வருகிறது, மறுக்கவில்லை. "பிரம்பைக் கொண்டுவாருங்கள்" என்று அங்கே சத்தம் போடுகிறவர் யார் தெரியுமா? சுக்கிராச்சாரியாரின் மகன், பிரகலாதனின் வாத்தியார். இந்தப் பையனால் எங்கள் பெயர் கெடுகிறது என்பதுதான் அவருடைய கவலை. பிள்ளை கெட்டுப்போகிறானே என்று அவர் அங்கே துடிக்கவில்லை. தன் பெயரைத்தான் நினைத்தார். அதற்குப் பிறகு இரணியன் அந்தச் சிறுவனை யானையை விட்டு மிதிக்கச் சொன்னான், மலையிலிருந்து உருட்டச் சொன்னான். கடைசியில் நரசிங்கம் யார் பக்கம் வந்தது? தகப்பன் சொல்லைக் கேட்காத பிள்ளையின் பக்கம் வந்தது. இந்தக் கதையை அறநெறி வகுப்பில் ஆண்டுதோறும் சொல்கிறோம். சொல்லிவிட்டு, அப்பா அம்மா சொல்லுக்கு எதிர்ச்சொல் பேசாதே என்றும் எழுதிக்கொடுக்கிறோம்.

தைத்திரீய உபநிடதத்தில் வரும் "மாத்ரு தேவோ பவ, பித்ரு தேவோ பவ" எல்லோருக்கும் மனப்பாடம். அன்னையைத் தெய்வமாகக் கொள், தந்தையைத் தெய்வமாகக் கொள். இதைச் சொன்ன குரு அதே மூச்சில் மாணவனுக்கு இன்னொன்றும் சொல்கிறார்: எங்களிடம் உள்ள நல்ல நடத்தையை மட்டும் எடுத்துக்கொள், மற்றதை எடுக்காதே. பெரியவர்களிடம் எடுக்கக் கூடாததும் இருக்கும் என்று குருவே ஒத்துக்கொள்கிறார். முதல் வரி மண்டபத்துச் சுவரில் பெரிய எழுத்தில் இருக்கிறது. அடுத்ததை யாரும் எழுதவில்லை.

குறளில் மக்கட்பேறு என்று ஓர் அதிகாரமே இருக்கிறது, 61 முதல் 70 வரை. மழலைச் சொல் இருக்கிறது. பிள்ளையின் சிறுகை அளாவிய கூழ் இருக்கிறது. அவையில் முந்தியிருக்கச் செய்வது தந்தையின் கடமை என்று இருக்கிறது. அடி எங்கே இருக்கிறது, காட்டுங்கள். "கடிதோச்சி மெல்ல எறிக" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தம்பி, அது 562. அரசனுக்குச் சொன்னது, அதிகாரத்தின் பெயரே வெருவந்த செய்யாமை. நபிகள் நாயகம் பேரனை முத்தமிட்டதைப் பார்த்து, எனக்குப் பத்துப் பிள்ளைகள், ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்று சொன்னவருக்கு, இரக்கம் காட்டாதவருக்கு இரக்கம் காட்டப்படாது என்று பதில் கிடைத்தது. சிகாலோவாத சூத்திரத்தில் புத்தர் பெற்றோரின் கடமைகள் ஐந்தைச் சொல்கிறார். அதில் தொழில் கற்பிப்பதும் உரிய காலத்தில் சொத்தை ஒப்படைப்பதும்கூட வருகின்றன. ஆகவே எல்லா மதமும் இதைத்தான் சொல்கிறது என்று மைக்கைப் பிடித்துச் சொல்வதற்கு முன் கொஞ்சம் படித்துவிட்டு வந்திருக்கலாம்.

நீதிமொழிகளில் பிரம்பு இருக்கிறதே, அதை என்ன செய்வீர்கள் என்று கேட்கிறீர்கள். இருக்கிறது. ஓரிடத்தில் இல்லை, பல இடங்களில் இருக்கிறது. உபாகமம் 21ஆம் அதிகாரத்தையும் திறந்து பாருங்கள். அடங்காத மகனைப் பட்டணத்து வாசலுக்குக் கொண்டுபோய் மூப்பர்களிடம் ஒப்படைத்துக் கல்லெறிந்து கொல்லச் சொல்கிறது. அதை யாராவது செய்கிறோமா? அது அந்தக் காலத்துச் சட்டம், நமக்கு இல்லை என்கிறோம். சரி, அப்படியென்றால் எதை எடுப்பது, எதை விடுவது என்று நாமேதான் தீர்மானிக்கிறோம். கல்லை விட்டுவிட்டுப் பிரம்பை எடுத்தது உங்கள் தீர்மானம். கர்த்தர்மீது அதைப் போடாதீர்கள்.

நாங்கள் எல்லாம் அடிபட்டுத்தான் வளர்ந்தோம், நன்றாகத்தானே இருக்கிறோம் என்று எழுதியவர்கள்தான் அதிகம். நன்றாக இருக்கிறவர்கள் எழுதுகிறீர்கள். மற்றவர்கள் இங்கே எழுத வருவதில்லை.

என் அப்பா மார்கழி பஜனையில் முன்னால் நின்று பாடுகிறவர். விடியற்காலைப் பனியில் லயம் லயமாகப் போவார்கள். பிரகலாதன் பாட்டு வந்தால் அப்பாவின் குரல் தழுதழுக்கும், கண் கலங்கும், நானே பார்த்திருக்கிறேன். அதே அப்பா, காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பிரட்டுக்களத்தில் கங்காணி (மேற்பார்வையாளர்) எல்லோர் முன்னாலும் ஏசிய நாட்களில் வீட்டுக்கு வந்ததும் அண்ணனைத் தேடுவார். பிரம்பெல்லாம் எங்களிடம் ஏது? கவ்வாத்து முடிந்து, அதாவது தேயிலைச் செடியை வெட்டிக் கழித்த பிறகு, அடுப்புக்குக் கொண்டுவந்து கட்டிவைத்த மிலாறுக் குச்சிதான். தேயிலை மிலாறு வழவழப்பாக இருக்காது. வெட்டிய கணுக்கள் துருத்திக்கொண்டிருக்கும். கெண்டைக்காலில் விழுந்தால் தடிப்பின் நடுவே கணு பட்ட இடம் மட்டும் கிழிந்திருக்கும். அம்மா தேங்காய் எண்ணெய் தடவுவாள். மறுநாள் பாடசாலைக்குக் கட்டைக் காற்சட்டைதான். அண்ணன் காலை வணக்கக் கூட்டத்தில் கடைசி வரிசையில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பான். பின்னால் யாரும் நிற்கக் கூடாது என்பதற்காக.

அண்ணன் சாதாரணதரப் பரீட்சை எழுதவில்லை. கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டான். எங்கள் வீட்டில் நன்றாகப் படித்தவன் அவன். நானல்ல, அவன்தான். அப்பா காலமானபோது வந்தான், கொள்ளி வைத்தான், பதினாறு முடிந்த அன்றே பஸ் ஏறிவிட்டான். இன்றும் தொலைபேசியில் அப்பாவைப் பற்றிப் பேச்செடுத்தால், சரி வைக்கிறேன் என்பான். இதையும் சேர்த்து எண்ணிவிட்டு, நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்று எழுதுங்கள்.

அப்பாவை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. அவர் எங்கிருந்து கற்றார் என்பதைத்தான் கேட்கிறேன். அவருக்கு வேதம் யாரும் படித்துக் காட்டவில்லை. தோட்டம் காட்டியது. சிறுவர் உரிமை எல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று ஓர் ஐயா எழுதியிருக்கிறார். ஐயா, இந்த மலைக்கு வெள்ளைக்காரன் கொண்டுவந்தது வேறு. 1865ஆம் ஆண்டுச் சட்டத்தில், சொல்லாமல் வேலையை விட்டுப்போன தொழிலாளிக்குச் சிறை. கடனைத் தீர்க்காத ஆளை வேறு தோட்டத்துக்குப் போகவிடாத துண்டு முறை ஒழிய 1921 வரை காத்திருந்தோம். தோட்டத்துத் துரை கங்காணியை அதட்ட, கங்காணி ஆளை அதட்ட, ஆள் வீட்டுக்கு வந்து பிள்ளையை அடித்தான். தலைமுறை தலைமுறையாக அதைப் பழகிவிட்டு, இப்போது அதற்கு வேத வசனம் தேடுகிறோம். மேலே இருந்தவன் நம்மை அடக்கிய அதே வழியில் நம் பிள்ளையை நாமே அடக்குவதை மதம் என்று சொல்ல என் வாய் வராது.

சட்டத்தைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது, ஆனாலும் சொல்கிறேன். இலங்கைக் கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டிலேயே 2005/17 சுற்றறிக்கை மூலம் பாடசாலையில் உடல்ரீதியான தண்டனையைத் தடை செய்தது. 2021இல் நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றம், ஆசிரியர் அறைந்ததால் காது பாதிக்கப்பட்ட மாணவனின் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்து இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. இதெல்லாம் மேடையில் இருந்தவர்களுக்குத் தெரியாததல்ல.

போதைப்பொருள் பாடசாலை வாசல் வரை வந்துவிட்டதே, கண்டிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று ஓர் அக்கா கேட்டிருக்கிறார். அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. பையைத் திறந்து பார்க்கிறேன், யாரோடு சேர்கிறான் என்று விசாரிக்கிறேன், சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கு வராவிட்டால் வாசலில் நிற்கிறேன். கண்டிப்பு வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? அக்கா, பயந்த பிள்ளை மாட்டிக்கொண்டால் நம்மிடம் வந்து சொல்லாது. முதலில் நம்மிடம்தான் மறைக்கும்.

எனக்கு உண்மையாகவே உதவிய வசனம் ஒன்றைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டு ஜெபத்தில் சின்ன வயதில் கேட்டது. உபாகமம் 6:7. கட்டளைகளைப் பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதித்து, வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும் அவற்றைக் குறித்துப் பேசச் சொல்கிறது. நான் சைவக்காரி, ஆனாலும் என் பிள்ளைகளை இந்த வசனத்தை வைத்துத்தான் வளர்க்கிறேன். பாடசாலை விட்டு ஏற்றத்தில் நடந்து வரும்போதுதான் மகன் எல்லாவற்றையும் கொட்டுவான். முகத்துக்கு முகம் பார்த்து உட்கார்ந்தால் பேசமாட்டான். நடந்தால் பேசுவான்.

ஆனால் இந்த வசனத்தைத் தோட்டத்துத் தாய் எப்படி நிறைவேற்றுவாள்? இருட்டோடு எழுந்து ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, கைக்குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) விட்டுவிட்டுப் பிரட்டுக்கு ஓடுகிறாள். மாலையில் கொழுந்து நிறுத்து, கிலோ குறைந்தால் அரை நாள் பேர், பாதிச் சம்பளம்தான் என்ற பயத்தோடு திரும்பி, விறகு, தண்ணீர், சமையல். எத்தனையோ வீடுகளில் தாய் குவைத்தில் இருக்கிறாள், பிள்ளை அப்பாயியிடம் இருக்கிறது. உட்கார்ந்திருக்கிற நேரம் எங்கே? வழியில் நடக்கிறபோது பக்கத்தில் யார்? நேரமில்லாத இடத்தில் கை ஓங்குவதுதான் சுருக்கு வழி. அந்தத் தாய்மாரையும் மண்டபத்தில் உட்காரவைத்து, பிரம்பு இல்லையா, நீ பிள்ளையைப் பகைக்கிறாய் என்று சொன்னால் அவள் எங்கே போவாள்? அன்று எனக்கு அருகில் இருந்த ஓர் அம்மா முதலில் கை தூக்கவில்லை. வசனத்தைக் கேட்டதும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தூக்கினாள். விழாவுக்கென்று உடுத்திய நல்ல சேலை, விரலெல்லாம் கொழுந்துக் கறை. மகள் சித்தியடைந்திருக்கிறாள், மாலை போட்டு முன்வரிசையில் இருக்கிறாள், ஆனாலும் தான் ஏதோ குறை வைத்துவிட்டோமோ என்று அவள் முகம் வாடிப்போனது. அதற்காகத்தான் எனக்குக் கோபம். என்னைச் சொன்னதற்காக மட்டும் இல்லை.

விழாக் குழுச் செயலாளர் இதைப் படிப்பார் என்று தெரியும். அண்ணா, அடுத்த மாதம் பெற்றோர் கூட்டம் இருக்கிறது. அதில் எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கொலோசெயரையும் தைத்திரீயத்தையும் குறளின் ஏழாம் அதிகாரத்தையும் நூலைக் கையில் வைத்தே வாசிக்கிறேன். அந்தப் பேச்சாளரையும் அழையுங்கள். அவருக்கு மறுப்பு இருந்தால் அந்தத் தாய்மாரின் முன்னாலேயே சொல்லட்டும்.