சிங்கத்தோல் தலைக்கவசத்தில் இருப்பவர் அலெக்சாந்தர் அல்ல

"அலெக்சாந்தர் தன் முகத்தையே பொறித்து வெளியிட்ட வெள்ளி நாணயம்" என்று ஒரு படம் சுற்றி வருகிறது. தவறு. அதில் இருப்பவர் கிரேக்கப் புராண வீரர் ஹெரக்ளீஸ்.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சிங்கத்தின் திறந்த வாய் நெற்றிக்கு மேல் விளிம்பு கட்டியிருக்கும். முன்னங்கால்கள் இரண்டும் கழுத்தடியில் முடிச்சிட்டிருக்கும். ஹெரக்ளீஸ் கொன்ற நெமியா சிங்கத்தின் தோல் அது. இளம் ஹெரக்ளீஸின் இதே தலை, அலெக்சாந்தருக்கு முந்தைய மாசிடோனிய அரசர் மூன்றாம் பெர்டிக்காஸின் நாணயத்திலும் உண்டு. அவர் இறந்தது கி.மு. 359, அலெக்சாந்தர் பிறந்தது கி.மு. 356!

குழப்பத்துக்குக் காரணம் பின்பக்க எழுத்து. கழுகும் செங்கோலும் ஏந்தி அமர்ந்த, கிரேக்கக் கடவுளரின் தலைவர் சீயஸின் அருகே உள்ள சொல்லுக்கு 'அலெக்சாந்தருடைய' என்று பொருள். நாணயத்தை வெளியிட்டவர் பெயர் அது, முகத்துக்குரியவர் பெயர் அல்ல. முகத்தில் அரசரின் சாயல் உண்டு என வாதிடும் அறிஞர்கள் உண்டு. அப்போதும் உருவம் ஹெரக்ளீஸுடையதே.

அலெக்சாந்தரின் முகம்தான் வேண்டுமென்றால், அவர் இறந்தபின் அவருடைய தளபதியாக இருந்த லைசிமாக்கஸ் அச்சிட்ட, ஏறக்குறைய 17 கிராம் எடையுள்ள நான்கு திராக்மா (கிரேக்க நாணய அலகு) நாணயத்தைப் பாருங்கள். காதைச் சுற்றி வளையும் எகிப்திய அம்மோன் தேவனின் ஆட்டுக்கடாக் கொம்புதான் அடையாளம்.