99 ஆண்டு முடியும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) 99 ஆண்டுக் குத்தகையில் விற்ற பழைய வீடுகளைப் பற்றி, குத்தகை முடிந்தால் என்ன ஆகும் என்று யாராவது பேச்செடுத்தால், "அதெல்லாம் 2060க்கு மேலதானே, நம்ம காலத்துல இல்ல" என்று நம் ஆட்கள் முடித்துவிடுகிறார்கள். எனக்கு இது பெரிய கவலையாக இருக்கிறது. குத்தகை காலாவதியாவது ஏதோ 99ஆம் ஆண்டின் கடைசி நாளில் நடக்கிற விஷயம் இல்லை. பாதி வழியிலேயே அதன் பாதிப்பு வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

கடைசி நாளில் என்ன ஆகும் என்பதில் சந்தேகமே வேண்டாம். கேலாங் லோரோங் 3இல் 191 தரை வீடுகள் 60 ஆண்டுக் குத்தகையில் இருந்தன. 2020 டிசம்பர் 31உடன் குத்தகை முடிகிறது, நீட்டிப்பு இல்லை, இழப்பீடும் இல்லை என்று 2017 ஜூனில் நில ஆணையம் அறிவித்தது. சிங்கப்பூரில் குடியிருப்பு மனைகள் இப்படிக் குத்தகை முடிந்து அரசிடம் திரும்பியது அதுவே முதல் முறை. அவற்றில் உரிமையாளர்களே குடியிருந்த வீடுகள் 33தான். தகுதி உள்ளவர்களுக்கு வீவக வீடு கிடைக்க அதிகாரிகள் உதவினார்கள், உண்மை. ஆனால் வயதான காலத்தில் புது இடம் தேட மூன்றரை ஆண்டு அவகாசம் போதுமா? போதாது என்பதுதான் என் கருத்து.

"அதுக்குள்ள செர்ஸ் வந்துடும்" என்ற நம்பிக்கை இன்னும் பலருக்கு இருக்கிறது. குத்தகை முடியும் முன்பே அரசு பழைய புளோக்குகளை எடுத்துக்கொண்டு, இழப்பீடும் புது வீடு வாங்கும் வாய்ப்பும் தரும் திட்டம் அது. 1995இல் அது தொடங்கியதிலிருந்து அதற்குத் தேர்வானவை மொத்த வீவக வீடுகளில் சுமார் 4 விழுக்காடுதான். பெரும்பாலான வீடுகள் குத்தகை முடிந்து கழகத்திடமே திரும்பும் என்று அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்த லாரன்ஸ் வோங் 2017 மார்ச்சிலேயே எழுதிவிட்டார். செர்ஸ் வந்தவர்களுக்கும் எல்லாம் சுகமாக முடியவில்லை. 2022இல் அங் மோ கியோ அவென்யூ 3இல் நாலு புளோக்குகளுக்கு அறிவித்தபோது, அதே அளவு புது வீட்டுக்குக் கைக்காசு போட வேண்டிவருமே என்று முதியவர்கள் கலங்கினார்கள். அப்புறம்தான் 50 ஆண்டுக் குத்தகை வீடு என்ற மாற்று வழி வந்தது.

இப்போது கணக்குக்கு வருவோம். அரசு நிலக் குத்தகையை மதிப்பிட 'பாலா அட்டவணை' என்று ஒன்று உண்டு. நிரந்தர உரிமையுள்ள நிலத்தின் மதிப்பை 100 என்று வைத்தால், 99 ஆண்டுக் குத்தகைக்கு 96, 60 ஆண்டு மிச்சம் இருந்தால் 80, 30 ஆண்டு என்றால் 60. முதல் 39 ஆண்டில் 16 புள்ளி குறைகிறது. கடைசி 30 ஆண்டிலோ மீதி 60 புள்ளியும் போய்விடுகிறது. வீவக வீட்டின் சந்தை விலை அப்படியே இந்தக் கோட்டில் போகாது என்றாலும், சரிவு எந்தப் பக்கம் என்பது புரியும்.

என் பெரியம்மா தோ பாயோவில் ஒரு மூவறை வீட்டில் இருக்கிறார். 1970களின் தொடக்கத்தில் கட்டிய புளோக், இன்னும் ஏறக்குறைய 47 ஆண்டு மிச்சம். 28 வயதுத் தம்பதி ஒன்று வாங்க வந்தால், குத்தகை முடியும்போது அவர்களுக்கு 75 வயது. 2019 மே முதல் உள்ள விதிப்படி, இளைய வாங்குபவருக்கு 95 வயதாகும்வரை குத்தகை இருந்தால்தான் மத்திய சேம நிதிப் (மசேநி) பணத்தை வீடு வாங்க முழு அளவில் எடுக்கலாம். இல்லையென்றால் குறைத்துத்தான் எடுக்க முடியும், வீவக கடனும் குறையும். கையில் ரொக்கம் உள்ளவர்கள்தான் வாங்க முடியும் என்றால் கேட்டு வருபவர்கள் குறைவார்கள்தானே? பெரியம்மாவின் ஓய்வுக்காலப் பணம் முழுக்க அந்த நாலு சுவருக்குள் இருக்கிறது.

எல்லாக் குத்தகையையும் இலவசமாக நீட்டிக்க வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. சுமார் 730 சதுர கிலோமீட்டர்தான் நாடு. நிலம் திரும்பி வராவிட்டால் நம் பேரப்பிள்ளைகளுக்கு எங்கே கட்டுவது? நிலம் திரும்பட்டும். என் கோபம் வேறு இடத்தில். வீடு ஒரு சொத்து, அதன் மதிப்பு ஏறும் என்று பல காலம் நமக்குச் சொன்னவர்கள், அந்தச் சொத்து எப்படி முடியும் என்பதையும் அதே தெளிவோடு சொல்ல வேண்டும். 2018 தேசியதினப் பேரணியில் அப்போது பிரதமராக இருந்த லீ சியன் லூங் 'வெர்ஸ்' திட்டத்தை அறிவித்தார். 70 ஆண்டைத் தாண்டிய பேட்டைகளில் குடியிருப்பாளர்கள் வாக்களித்து, வீடுகளை முன்கூட்டியே அரசிடம் ஒப்படைக்கலாம். செர்ஸ் அளவுக்குத் தாராளமாக இருக்காது என்றும் அப்போதே சொன்னார். சரி, எவ்வளவு குறைவு? இழப்பீட்டை எந்தக் கணக்கில் போடுவார்கள்? 'வேண்டாம்' என்று வாக்களிக்கும் புளோக்கின் கதி என்ன? இன்று 50 வயது வீட்டுக்குக் கையெழுத்துப் போடுகிற இளம் தம்பதிக்கு இந்தக் கணக்கு இப்போதே வேண்டும். திட்டம் 2030களில் தொடங்கும்போது சொன்னால் அவர்களுக்குப் பயன் இல்லை.

குடும்பங்களுக்குள்ளும் பேச்சு நடக்க வேண்டும். 65 வயதானவர்கள் குத்தகையின் கடைசிப் பகுதியை மட்டும் கழகத்துக்கு விற்று, அதே வீட்டில் இருந்துகொண்டே மாதாமாதம் பணம் பெற லீஸ் பைபேக் திட்டம் இருக்கிறது. பெரியம்மாவுக்கு அதில் விருப்பம். "அம்மா, வீட்டைக் கொடுத்துட்டா எங்களுக்கு என்ன இருக்கு?" என்று மகன் கேட்டதும் அவர் விண்ணப்பத்தை மடித்து அலமாரியில் வைத்துவிட்டார். அந்த வீட்டின் தவணையை வேலைக்குப் போய்க் கட்டியவர் அவர். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு விண்ணப்பம் கிடந்தால், அதை எடுத்துப் பூர்த்தி செய்ய உதவுங்கள். வீட்டுக்கு எத்தனை ஆண்டு மிச்சம் என்று வீவக இணையத்தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.