கையெழுத்தோடு நிறுத்தாதீங்க

படிக்காத பெரியவர்களுக்கு எழுத்தறிவு வகுப்பு நடத்துவது பற்றிய கட்டுரை ஒன்று, பெயர் எழுதப் பழகினாலே அதிகாரம் வந்துவிடும் என்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் அது பாதிதாங்க. கையெழுத்து மட்டும் தெரிந்தவர் தொகை எழுதாத வெற்று வவுச்சரிலும் (பணம் வாங்கியதற்கான சீட்டு) போட்டுக் கொடுத்துவிடுவார். கைநாட்டை விட இது மோசம்.

பாடத்தைச் சம்பளச் சீட்டில் தொடங்கலாம். அடிப்படையும் பஞ்சப்படியும் 12,000, மொத்தம் 14,000 என்றால் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பிடித்தம் அந்த 12,000-க்கு 12 சதவீதம், 1,440. இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடித்தம் 0.75 சதவீதம், அதை மொத்தச் சம்பளத்துக்குக் கணக்கிட்டிருந்தால் 105. பலரும் இரண்டையும் ஒரே தொகையில் போட்டுக் குழம்புவார்கள். தசமப்புள்ளியும் தடுக்கும், 0.75-ஐ 'நூறு ரூபாய்க்கு முக்கால் ரூபாய்' என்றால் சட்டெனப் பிடிபடும்.

ஒன்றரை ஷிப்ட் முடிய இரவு எட்டரை. ஏழு மணி வகுப்புக்கு யார் வருவார்? வருபவரையும் சின்னப்பிள்ளை பெஞ்சில் உட்காரவைத்து 'வா, போ' என்றால், மறுநாள் வரமாட்டாருங்க.