தத்துவத்துக்கும் பிறப்புச் சான்றிதழா?

ஒரு தத்துவத்தை 'யூதத் தத்துவம்' ஆக்குவது எது என்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வாதம் வந்தது. எழுதினவரின் பிறப்பு மட்டும் போதாது என்றேன், சிரித்தார்கள். மற்றது இங்கே பலருக்கும் தெரியும், திரும்பச் சொல்லவில்லை. ஆனால் "எழுதினவர் யூதர்னா அது யூதத் தத்துவம், இதுல என்ன ஆராய்ச்சி?" என்றதற்குக் கைதட்டு விழுந்ததே, அது இன்னும் உறுத்துகிறது.

பிறப்பு போதாதுங்க. 11ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் இப்னு கபிரோல் என்ற யூதக் கவிஞர் அரபியில் 'வாழ்வின் ஊற்று' எழுதினார். மூலம் தொலைந்து லத்தீன் மொழிபெயர்ப்பு மிஞ்சியது. பெயரும் 'அவிசெப்ரோன்' என்று திரிந்தது. கிறிஸ்தவ இறையியலாளர் அக்வினாஸ் அவர் கருத்துகளோடு மல்லுக்கு நின்றார். ஆள் முஸ்லிம் என்றார்கள், கிறிஸ்தவர் என்றார்கள். 1846இல் சாலமோன் முன்க் என்ற ஆய்வாளர், பாரிஸில் கிடைத்த எபிரேயச் சுருக்கத்தை லத்தீனோடு ஒப்பிட்ட பிறகுதான், அவிசெப்ரோன் இப்னு கபிரோலே என்ற உண்மை வெளிவந்தது. அதுவரை ஏன் யாருக்கும் தெரியவில்லை? நூலில் பைபிள் வசனம் ஒன்றுகூடக் கிடையாது!

மொழியும் போதாது. 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸின் 'குழம்பியோருக்கு வழிகாட்டி' அரபிதான், எழுத்து மட்டும் எபிரேயம். "அரிஸ்டாட்டிலுக்கு யூதத் தொப்பி" என்று அதைச் சிரித்துத் தள்ளினீர்கள். முதல் அத்தியாயமே ஆதியாகமத்தின் 'ட்செலெம்' (சாயல்) என்ற சொல்லைப் பிரிக்கிறது: கடவுளுக்கு உடல் உண்டா? இரண்டாம் பாகம் 25ஆம் அத்தியாயத்தில், அரிஸ்டாட்டில் சொன்னதுபோல் உலகம் அநாதி (தொடக்கமற்றது) என்று நிரூபணமானால் வசனங்களுக்கு வேறு பொருள் சொல்ல என்னால் முடியும் என்கிறார். ஏன் சொல்லவில்லை? ஒன்று, அரிஸ்டாட்டில் அதை நிரூபிக்கவில்லை. இரண்டு, அரிஸ்டாட்டில் சொல்கிறபடி ஏற்றால் யூதர்களின் வேதமான தோராவே அடியோடு சரியும். இந்த இரண்டாவது காரணம் அரிஸ்டாட்டிலுக்குக் கவலையே இல்லை. மைமோனிடிஸுக்குத் தூக்கம் கெடும். யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டு ஒரு நூல் எழுதப்படுகிறது, அதைப் பாருங்கள் என்கிறேன். அவ்வளவுதான்.

"அப்போ ஸ்பினோசா?" வருவீர்கள் என்று தெரியும். யூதராகப் பிறந்த தத்துவஞானி, 1656இல் ஆம்ஸ்டர்டாம் யூத சபை விலக்கியவர். ஆனாலும் 1670இல் வந்த இறையியல்–அரசியல் நூலில் மைமோனிடிஸைப் பெயர் சொல்லி மறுக்கிறார். அது வீட்டுச் சண்டை, பாதி ஒப்புக்கொள்கிறேன். அவருடைய இன்னொரு நூலான 'நெறியியல்' அப்படியில்லை. யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்று மார்க்ஸைக் கொண்டு வராதீர்கள், அதற்குப் பதில் கிடையாது.

"எபிரேயம் தெரியாத நீங்க யாரு சொல்ல?" சரி, நான் யாருமில்லை. ஆனால் ரத்தத்தைப் பார்த்துச் சிந்தனைக்கு முத்திரை குத்துவது யார் வழக்கம்? ஐன்ஸ்டைனின் கோட்பாட்டை 'யூத இயற்பியல்' என்று ஒதுக்கி, 1936இல் 'ஜெர்மன் இயற்பியல்' என்றே புத்தகம் போட்டார் நாஜி ஆதரவு இயற்பியலாளர் லெனார்ட். நோபல் வாங்கியவர்தான். நீங்கள் பாராட்டாகச் சொன்னீர்கள், அவர் வசையாகச் சொன்னார். அளவுகோல் ஒன்றேதான். இதைச் சொன்னதற்கா அத்தனை சிரிப்பு?

அடுத்த கூட்டத்துக்கு முன் மைமோனிடிஸின் அந்த 25ஆம் அத்தியாயத்தை மட்டுமாவது புரட்டிவிட்டு வாருங்கள். சில பக்கங்கள்தான்.