"தரவை அப்படியே போட்டோம்" என்பது பதில் ஆகாது

"கிடைத்த தரவை அப்படியே போட்டுவிட்டோம், வாசகர்களே பார்த்துக்கொள்ளட்டும்." பெரிய தரவுத்தளத்துக்கு ஒரு தேடல் பெட்டியை மாட்டி இணையத்தில் ஏற்றும் செய்தி நிறுவனங்கள் சொல்லும் விளக்கம் இது. எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. முதல் திரையில் எது வர வேண்டும், எதன்படி அடுக்க வேண்டும், வரைபடத்தில் எந்த அளவுக்கு மேல் சிவப்பு, யார் பெயரைத் தேடினால் கிடைக்க வேண்டும்... இதையெல்லாம் யாராவது முடிவு செய்தே ஆக வேண்டும். ஆசிரியர் செய்யாவிட்டால் மென்பொருள் செய்துவிடும்.

மென்பொருள் எப்படிச் செய்யும் என்பதற்கு லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறையின் குற்ற வரைபடமே போதும். அதில் காவல் தலைமையகத்துக்குப் பக்கத்திலேயே ஒரு தெருமுனை, நகரிலேயே மோசமான இடமாகத் தெரிந்தது. 2009இல் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நாளிதழ் தோண்டிப் பார்த்தபோது விஷயம் வெளிவந்தது: எந்த முகவரியைக் கணினியால் அடையாளம் காண முடியவில்லையோ, அந்தக் குற்றங்களை எல்லாம் அது இந்த ஒரே புள்ளியில் குவித்திருக்கிறது. மொத்தத்தில் ஏறத்தாழ 4 சதவீதம்! அதே தரவை எடுத்துப் போட்ட எவ்ரிபிளாக் என்ற உள்ளூர்ச் செய்தித் தளத்துக்கும் பிழை அப்படியே போய்ச் சேர்ந்தது. "இங்கே எப்படி இத்தனை?" என்று வெளியிடும் முன் ஒரு மனிதர் கேட்டிருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும்.

பிழை இல்லாவிட்டாலும் தரவு தீங்கு செய்யலாம். 2012 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தின் தி ஜர்னல் நியூஸ் நாளிதழ், இரண்டு மாவட்டங்களில் கைத்துப்பாக்கி அனுமதி வைத்திருப்போரின் பெயரையும் வீட்டு முகவரியையும் வரைபடத்தில் குறித்தது. சட்டப்படி அவை பொது ஆவணங்கள்தான். ஆனால் ஒரு வீட்டின் மேல் புள்ளி வைப்பதால் வாசகருக்கு என்ன புரிந்தது? அனுமதி இருக்கும் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்பதைக்கூட அந்தத் தரவு சொல்லவில்லை. திருடனுக்கும், தப்பி வந்தவரைத் தேடி அலையும் முன்னாள் கணவனுக்கும் வேண்டுமானால் அது உதவும். எந்தப் பகுதியில் எத்தனை அனுமதிகள் என்று மட்டும் காட்டியிருந்தாலே செய்தி முழுமையாகக் கிடைத்திருக்கும். அடுத்த மாதமே வரைபடத்தை எடுத்துவிட்டார்கள்.

பனாமா ஆவணங்களில், அதாவது வெளிநாடுகளில் நிறுவனங்களைப் பதிவு செய்துகொடுத்த ஒரு பனாமா சட்ட நிறுவனத்திலிருந்து கசிந்த கோப்புகளில், நடந்தது வேறு. 1.15 கோடி கோப்புகள், 2.6 டெராபைட். புலனாய்வுப் பத்திரிகையாளர்களின் சர்வதேசக் கூட்டமைப்பு 2016 மே மாதம் பொதுமக்கள் தேடுவதற்கென்று திறந்துவிட்டது அதில் ஒரு பகுதியை மட்டுமே: நிறுவனங்களும் அவற்றோடு தொடர்புடைய பெயர்களும். வங்கிக் கணக்கு விவரம், மின்னஞ்சல், கடவுச்சீட்டு நகல் எதுவும் இல்லை. வெளிநாட்டு நிறுவனம் வைத்திருப்பதே குற்றமாகிவிடாது என்ற குறிப்பும் கூடவே இருந்தது. எல்லாவற்றையும் கொட்டுங்கள் என்ற குரல் அப்போது பலமாகவே எழுந்தது. கூட்டமைப்பு மசியவில்லை. சரியான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

"ஒதுக்கும் அதிகாரத்தை ஆசிரியரிடம் கொடுத்தால் வேண்டியவர்களைக் காப்பாற்றிவிடுவாரே?" நியாயமான பயம். அதனால்தான் எதை விட்டோம், ஏன் விட்டோம் என்பதை அதே பக்கத்தில், எண்ணுக்கு அருகிலேயே எழுத வேண்டும் என்கிறேன். 'செய்முறை விளக்கம்' என்று அடியில் ஒரு சுட்டி கொடுத்தால் யார் போய்ப் படிக்கப் போகிறார்கள்?

அமெரிக்கப் புலனாய்வுச் செய்தி நிறுவனமான புரோபப்ளிகா 2015இல் கிட்டத்தட்ட 17,000 அறுவை மருத்துவர்களின் நோயாளிகளுக்கு அறுவைக்குப் பின் சிக்கல் ஏற்படும் விகிதங்களை மருத்துவர் பெயரோடு வெளியிட்டபோது, ஒற்றை எண்ணோடு நிற்காமல் அது எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்ற வீச்சையும் படத்திலேயே காட்டியது. அந்தக் கணக்கீட்டு முறையே சரியில்லை என்று ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கடுமையாக விமர்சித்தார்கள். புரோபப்ளிகா பதில் எழுதியது. அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். எப்படிக் கணக்கிட்டோம், எதைச் சேர்த்தோம் என்று ஒருவர் பொறுப்பேற்று எழுதி வைத்ததால்தான் அதை எதிர்த்துப் பேசவே முடிந்தது. "அப்படியே போட்டோம்" என்பவர்களோடு எதை வைத்து வாதாடுவது?