மூன்றாவது தளத்தின் விலை

நிகழ்நேர உத்தி விளையாட்டில், அதாவது இருவரும் முறை வைக்காமல் ஒரே நேரத்தில் தளம் கட்டி, கனிமம் சேர்த்து, படை நடத்தும் கணினி விளையாட்டில், தோற்றவரிடம் காரணம் கேட்டால், 'பேராசைப்பட்டு இன்னொரு தளம் போட்டுவிட்டேன்' என்பார். நானும் நெடுநாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்மையில் என் பழைய ரீப்ளேக்களை (ஆட்டப் பதிவுகளை) ஓட்டிப் பார்த்தபோதுதான், தளம் போட்டது பிழையல்ல, போட்ட பிறகு படையை எங்கே நிறுத்தினேன் என்பதே பிழை என்று தெரிந்தது.

நான் ஆடும் ஸ்டார்கிராஃப்ட் 2-இல், ஒரு தளத்தின் மையக் கட்டடமான கமாண்ட் சென்டருக்கு 400 கனிமம் செலவாகும். கட்டி முடிக்க 71 வினாடி ஆகும். ஒரு தளத்தின் எட்டுக் கனிமத் திட்டுகளில் 16 தொழிலாளர்களே தடையின்றி வேலை செய்ய முடியும். அதற்கு மேல் வருவோர் முறைக்காகக் காத்து நின்றே பாதி நேரத்தைக் கழிக்கிறார்கள். அந்த உபரி ஆட்களைப் புதிய தளத்துக்கு அனுப்பினாலும், போட்ட முதலீடு திரும்ப எப்படியும் இரண்டரை நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். அதுவரை எதிரியைவிட, அந்த 400 கனிமத்தில் கிடைத்திருக்கக்கூடிய எட்டு மரீன்கள் (காலாட்படை வீரர்கள்) குறைவாகத்தான் நாம் நடமாடுகிறோம். கடன் வாங்கியவன் தவணை தீரும்வரை அடக்கி வாசிப்பதைப் போல, அந்த இடைவெளியில் மோதலைத் தள்ளிப்போடத் தெரிய வேண்டும்.

'விரிவடையாமல் இருந்தால் ஆபத்தில்லை' என்ற வாதமும் நிற்காது. 2015-இல் வெளியான இதன் விரிவாக்கப் பதிப்பான லெகசி ஆஃப் த வாய்ட், தொடக்கத் தொழிலாளர்களை 6-இலிருந்து 12 ஆக்கியதோடு, ஒவ்வொரு தளத்திலும் பாதித் திட்டுகளின் இருப்பை மற்றவற்றில் பாதியாகக் குறைத்தது. அவை வற்றியதும், பத்திரமாக வீட்டிலேயே இருந்தவனின் வருமானம் கண்ணெதிரே சரிகிறது. எனக்கு இந்த மாற்றம் பிடித்திருக்கிறது. கோட்டைக்குள் ஒளிந்துகொள்வதை அது கௌரவமான வழியாக விட்டுவைக்கவில்லை.

புதிய தளத்தைச் சுற்றிக் காவல் கட்டடங்களை அடுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அவற்றில் போட்ட கனிமம் நகராது. எதிரி வேறு பக்கம் போய்விட்டால் அது தூங்கும் பணம். எதிரி வரும் வழியில், தளத்துக்கு முன்னால் படையை நிறுத்துவதே மலிவு. நான் தோற்ற ஓர் ஆட்டத்தில் மூன்றாவது தளத்தில் மூன்று பங்கர்கள் (வீரர்கள் உள்ளிருந்து சுடும் காவல் கட்டடங்கள்) இருந்தன. எதிரியின் ஒரே மெடிவாக் (படையை ஏற்றி வரும் விமானம்), எட்டு மரீன்களை முதல் தளத்தின் கனிம வரிசைக்குப் பின்னால் இறக்கியது. பங்கர்களில் இருந்தவர்களை வெளியேற்றி நான் ஓட வைப்பதற்குள் 14 தொழிலாளர்கள் போய்விட்டார்கள். வரைபட ஓரத்தில் ஒற்றை மரீனைக் காவலுக்கு விட்டிருந்தால், அந்த மெடிவாக் வருவதை முன்கூட்டியே பார்த்திருப்பேன். அதற்கு ஆகும் செலவு 50 கனிமம்.